யாரம்மா?

பெங்களூருக்கு வந்த புதிதில் தினமும் மத்தியானம் ஒரே கேள்வி என்னைக் குத்திக்கொண்டிருந்தது. ஜீவனஹள்ளியில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டுக்குக் கீழ்ப்போர்ஷனில் ஜயம்மா இருந்தார். நான் துணி உலர்த்த முற்றத்துக்கு இறங்கும்போதெல்லாம் வாசற்படியில் உட்கார்ந்தபடி நிமிர்ந்து பார்த்து, "ஊட்டா ஆய்த்தா?" என்பார். எனக்குக் கன்னடத்தில் ஒரு சொல்கூடத் தெரியாத காலம் அது. என் காதில் அது "ஊட்டியாச்சா?" என்றே விழுந்தது. கல்யாணமாகி ஒன்பது வருடமாகப் பிள்ளை இல்லாதவளிடம், குழந்தைக்குச் சோறு ஊட்டியாகிவிட்டதா என்று இந்த அம்மாள் ஏன் தினமும் கேட்கிறார்? சில நாள் பொறுத்துப் பார்த்தேன். ஒரு நாள் ஈரத் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டு, "எனக்குப் பிள்ளை இல்லீங்க. யாருக்கு ஊட்டுறது?" என்று கேட்டுவிட்டு மேலே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். சாயங்காலம் வேலையிலிருந்து வந்த என் கணவர் விஷயத்தைக் கேட்டதும் முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "ஊட்டான்னா சாப்பாடும்மா. சாப்டாச்சான்னு கேக்குறாங்க. இங்க எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான் கேப்பாங்க."

திண்டுக்கல்லில் யாரும் சாப்பாட்டைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. "விசேஷம் ஏதும் உண்டா?" என்பதுதான் கேள்வி. கோயில் பிராகாரத்தில் கேட்டார்கள், ரேஷன் கடையில் கேட்டார்கள். வளைகாப்பு வீடுகளில் வளையல் போட ஒவ்வொருத்தியாகப் போவோம். என் முறை வரும்போது மட்டும் யாராவது, "மல்லிகா, உள்ள போயி சந்தனக் கிண்ணத்தை எடுத்தாயேன்" என்பார்கள். நான் எடுத்து வருவதற்குள் வளையல் போட்டு முடிந்திருக்கும். ஒருவரும் என்னை வையவில்லை, அடிக்கவில்லை. சந்தனக் கிண்ணம் எடுத்துவர மட்டும்தான் சொன்னார்கள். தொண்ணூறுகளின் நடுவில், என் கணவருக்கு இங்கே ஓர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்து நாங்கள் கிளம்பியபோது, ஊரை விட்டுப் போகிற வருத்தம் எனக்குக் கொஞ்சமும் இல்லை என்பதை இப்போது சொல்லிவிடலாம். பாஷை தெரியாத ஊரில் கேள்விகளும் புரியாது என்று நினைத்தேன். வந்த மாதத்திலேயே ஒரு கேள்வி தப்பாகப் புரிந்துவிட்டது.

ஜயம்மாவிடம் மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன். என் கணவர் எழுதிக் கொடுத்த இரண்டு கன்னட வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் என் கையைப் பிடித்து உட்காரவைத்து, எனக்குப் புரிகிற மாதிரி தமிழும் கன்னடமுமாகப் பேசினார். அன்றைக்குத்தான் அவர் வேலை பார்க்கிற இடம் தெரிந்தது. காக்ஸ் டவுனைத் தாண்டி ஒரு குழந்தைகள் இல்லம். அதில் ஆயா. "ஒந்து சலா வந்து நோடு, மல்லிகா. அல்லி எஷ்டு மக்களு!" என்றார். ஒரு தடவை வந்து பார், அங்கே எத்தனை மக்களு, மக்களு என்றால் குழந்தைகள் என்று அவரே விளக்கினார். வீட்டில் இதை நான்தான் ஏதோ பேச்சாகச் சொன்னேன். என் கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "போய்ப் பாப்பமா?" என்று கேட்டார். எத்தனை காலமாக அதை அவர் மனசுக்குள் வைத்திருந்தாரோ, அந்தக் கேள்வி அவ்வளவு மெதுவாக வந்தது.

தத்தெடுக்கக் கைக்குழந்தை வேண்டும் என்றுதான் பதிவு செய்தோம். இல்லத்தின் பொறுப்பாளர் ஷீலா மேடம் வீட்டைப் பார்த்தார், சம்பளத்தைக் கேட்டார், எங்கள் இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசினார். பிறகு, காத்திருங்கள் என்றார். காத்திருந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜயம்மாவோடு நானும் போய்க் குழந்தைகளுக்குத் தலை பின்னிவிடுவேன். அப்படி ஒரு நாள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி என் எதிரில் வந்து நின்றாள். ஒட்ட வெட்டிய முடி, அளவுக்குப் பெரிய கவுன். பின்னுவதற்குத் தலையில் ஒன்றுமில்லாததால் அதுவரை என்னிடம் வராதவள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீவு யாரம்மா?" என்றாள்.

நீங்க யாரம்மா என்று தமிழில் கேட்ட மாதிரியே இருந்தது. "மல்லிகா" என்று என் பெயரைச் சொன்னேன். தலையாட்டிவிட்டு ஓடினாள். படுக்கை அறை, சமையற்கட்டு, பின்பக்கத் தண்ணீர்த் தொட்டி என்று அவள் ஒவ்வோர் இடமாக எட்டிப் பார்ப்பது நான் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. முகத்தில் எனக்காக ஒரு வருத்தம். "மல்லிகா இல்லி இல்லா" என்றாள்.

புரியாமல் ஜயம்மாவைப் பார்த்தேன். துணி மடித்துக்கொண்டிருந்த அவர் கை நின்றுவிட்டது. "நீ யார்னு கேக்கலம்மா அவ. யாரோட அம்மான்னு கேட்டா. இங்க வர்ற பொம்பளைங்க எல்லாம் யாருக்காவது அம்மாவாப் போறவங்கதானே. நீ மல்லிகான்னு சொன்னே. மல்லிகாங்கிற கொழந்தையைத் தேடிட்டு வந்திருக்கா. அப்படி யாரும் இங்க இல்லியாம்."

அந்தக் குழந்தையின் பெயர் சுமா. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, எனக்குக் கைக்குழந்தை வேண்டாம் என்றேன். என் கணவர் ஏன் என்று கேட்கவில்லை. யார் என்று மட்டும் கேட்டார்.

ஆனால் ஷீலா மேடம் எங்கள் வேண்டுகோளைக் கேட்டதும் சுமாவின் ஃபைலை எடுத்து விரித்துச் சொன்னார். வயது கூடிய குழந்தைகளை நம் நாட்டில் யாரும் கேட்பதில்லை என்பதால் சுமாவை சுவீடனைச் சேர்ந்த ஒரு தம்பதிக்கு முடிவுசெய்து ஒரு வருடம் ஆகிறது. அவர்கள் அவளுடைய போட்டோவை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் வருகிறார்கள். "கோர்ட் ஆர்டர் இன்னும் ஆகல. நம்ம நாட்டுக்காரங்க கேட்டா அவங்களுக்குத்தான் முதல் உரிமை. நீங்க எழுதிக் கொடுத்தா நான் மறுக்க முடியாது. ஆனா அந்தம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றதுன்னு மட்டும் நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. பஸ் ஏறாமல் நடந்தே வந்தோம். பிள்ளைக்காகக் காத்திருப்பது என்றால் என்னவென்று தெரிந்த நான், அதே மாதிரி காத்திருக்கிற இன்னொருத்தியின் கையிலிருந்து எப்படிப் பிடுங்குவேன்? ஆனாலும் வழியெல்லாம் எனக்கு அழுகை அடங்கவில்லை. என் கணவர் என் பையையும் வாங்கிச் சுமந்துகொண்டு வந்தார்.

அடுத்த மாதம் சுவீடனிலிருந்து கணவரோடு வந்தவள் பெயர் இங்கிரிட். நெடுநெடுவென்று உயரம், பெங்களூர் வெயிலுக்கே மூக்கு சிவந்துவிட்டது. ஷீலா மேடம் எதையும் மறைக்கிறவர் இல்லை. இப்படி ஒரு தம்பதி கேட்டார்கள், பிறகு விலகிக்கொண்டார்கள் என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். எங்களைப் பார்க்க வேண்டும் என்று இங்கிரிட் சொல்லியனுப்பினாள். அவர்கள் இருவரும் நாங்கள் இருவருமாக அதே வராந்தாவில் உட்கார்ந்தோம். சுமாவுக்காக அவர்கள் தயார்செய்து வைத்திருந்த அறையின் போட்டோவைக் காட்டினாள். நீலத் திரைச்சீலை, சின்னக் கட்டில், ஜன்னலுக்கு வெளியே பனி. "உங்கள் வீட்டில்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "நோ ரூம்" என்றேன். அவள் முகம் வாடியது. எங்கள் வீட்டில் குழந்தைக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டேனாம். என் கணவர் பதறிப்போய், தனி அறை கிடையாது, எங்களுக்கு நடுவில்தான் படுத்துக்கொள்வாள், எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம் என்று விளக்கினார். "நடுவிலா? எத்தனை வயது வரைக்கும்?" என்று அவள் ஆச்சரியமாகக் கேட்க, சுமாவாகவே விலகிப் போகும்வரை என்று அவர் சொல்ல, நாலு பேரும் சிரித்தோம்.

பிறகு அவள் கேட்டாள்: "கைக்குழந்தை கேட்டிருந்தீர்களாமே. ஏன் இவள்?" எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், சுமா கேட்டதையும் நான் பெயர் சொன்னதையும் அவள் தேடிப்போனதையும் சொன்னேன். "மல்லிகா நாட் ஹியர்" என்று நான் முடித்தபோது இங்கிரிட் சிரிக்க ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் உடைந்தது. தன் கணவரிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். அவர் அவள் முதுகில் கையை வைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து ஷீலா மேடம் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். இங்கிரிட் விலகிக்கொண்டுவிட்டாள். "'யாரம்மா'ங்கிற கேள்வியை சுமா என்கிட்ட கேக்கல, மல்லிகாகிட்டதான் கேட்டான்னு சொன்னாங்க." வெறுங்கையோடு விமானம் ஏறியவளை வழியனுப்பக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. சுமாவுக்கென்று பின்னிக் கொண்டுவந்திருந்த சிவப்பு ஸ்வெட்டரை மட்டும் விட்டுப்போயிருந்தாள். அடுத்த வருடம் அதே இல்லத்திலிருந்து வேறொரு பெண்குழந்தையை அவர்கள் அழைத்துப்போனார்கள் என்று கேள்விப்பட்டபோதுதான் எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அதுவரை சாமி கும்பிடும்போதெல்லாம் முதலில் அவளுக்குத்தான் கேட்டேன்.

எங்கள் தத்து மனு கோர்ட்டுக்கு வந்த அன்று நீதிபதி தன் அறையில் வைத்துச் சுமாவிடம் என்னைக் காட்டி, "இவரு யாரு, புட்டி?" என்று, சின்னப் பெண்களைக் கன்னடத்தில் கூப்பிடுகிற செல்லச் சொல்லால் கேட்டார். "நம்ம அம்மா" என்றாள். கன்னடத்தில் 'என் அம்மா' என்பதையும் அப்படித்தான் சொல்வார்கள் என்று இப்போது தெரியும். ஆனால் அன்றைக்கு என் தமிழ்க் காதுக்கு, நீதிபதி, ஷீலா மேடம், அங்கே நின்ற டவாலி என்று அந்த அறையில் இருந்த எல்லோரையும் சேர்த்துக்கொண்டு அவள் சொன்னதாகக் கேட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் லேசில் ஒட்டவில்லை. பேசியது கன்னடம், கேட்டது தமிழ். நடுவில் படுக்கவைத்தால் காலையில் கட்டிலுக்குக் கீழே தரையில் கிடப்பாள். சாப்பாட்டு நேரம் ஆனதும் தானே ஒரு தட்டை எடுத்துக்கொண்டு சமையற்கட்டு வாசலில் போய் நின்றுவிடுவாள். முன்னால் யாரும் இல்லை, பின்னால் யாரும் இல்லை. இருந்தாலும் இல்லத்தில் நின்ற மாதிரியே நேராக, அசையாமல் வரிசையில் நிற்பாள். வாடா கண்ணு, உட்காரு என்று நான் கெஞ்சினால் மிரண்டுபோவாள். என் கணவர்தான் ஒரு நாள் பேசாமல் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் போய் நின்றார். அவள் திரும்பிப் பார்த்தாள். முதல் தடவையாக எங்கள் வீட்டில் சிரித்தாள்.

மாமனாருக்கு நாங்கள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து விஷயத்தைச் சொன்னபோது, "யாரு பெத்ததோ, என்ன சாதியோ, பாஷைகூட நம்ம பாஷை இல்லையேப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதற்கப்புறம் பல மாதம் பேச்சே இல்லை. ஒரு காலையில் கடிதமும் இல்லாமல் தகவலும் இல்லாமல், சிறுமலை வாழைப்பழத்தோடு வாசலில் வந்து நின்றார். "ஒரு சோலியா ஓசூர் வரைக்கும் வந்தேன்" என்றார். ஓசூரில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது என்று எங்களுக்குத் தெரியும். சுமாவை அவர் கூப்பிடவில்லை. அவளும் தூணோரமாக நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் இலை போட்டு, "மாமா, சாப்பிட வாங்க" என்றேன். அவர் உட்காரப் போனார். சுமா ஓடிவந்து அவர் வேட்டியைப் பிடித்தாள்.

"தாத்தா, லைன்னு!"

"என்னத்தா சொல்லுது இந்தப் புள்ள?"

"வரிசைல நிக்கணுமாம், மாமா" என்றேன். ஊர்ப் பந்தியில் முதல் இலைக்கு உரியவர் அவர். சுமா அவர் கையில் ஒரு தட்டைக் கொடுத்து, தனக்குப் பின்னால் அவரை நிறுத்தினாள். அவருக்குப் பின்னால் என் கணவர் போய் நின்றுகொண்டார். மாமா என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், பிறகு தனக்கு முன்னால் இருந்த ஒட்ட வெட்டிய தலையைப் பார்த்தார். "தாத்தாங்குதே" என்றார். "அது நம்ம பாஷைதானே?" இரண்டு பாஷையிலும் அதே சொல்தான் என்று என் கணவர் சொன்னார். "அப்படியா" என்று தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் சோறு வைக்கும்போது, "எனக்குக் கொஞ்சமாப் போடு. புள்ளைக்கு மொதல்ல வையி" என்று மட்டும் சொன்னார்.

அந்த மனிதரிடம்தான் சுமா தமிழ் கற்றாள். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் திண்டுக்கல்லில் அவரோடு சுற்றியதில் "அங்கிட்டு, இங்கிட்டு" எல்லாம் நாவில் ஏறிவிட்டது. இங்கே ஆஸ்டின் டவுன் பள்ளிக்கூடத்தில் அவளோடு படிக்கிற தமிழ்ப் பெண்கள் அதைக் கேட்டுச் சிரிக்கிறார்களாம். அங்கேயோ அவள் பெங்களூர்ப் பொண்ணு. எனக்கும் அதே கதிதான். அங்கே போனால் வெக்கை தாங்கவில்லை, கடைக்காரரிடம் எவ்வளவு என்பதற்குப் பதில் "எஷ்டு" என்று வாய் கேட்டுவிடுகிறது. இங்கே இருந்தால் யாராவது மதுரைப் பக்கத்துப் பேச்சு பேசினால் பஸ்ஸில் திரும்பிப் பார்க்கிறேன். ஒரு வளைகாப்பில்கூட வளையல் போட விடாத ஊர் அது. தேடிப் பார்த்துவிட்டு வந்து எனக்காக வருத்தப்பட ஒரு குழந்தையை வைத்திருந்த ஊர் இது. ஆனாலும் எதையும் என்னால் விட முடியவில்லை.

இந்தக் கோடையில் பதினான்கு வயது மகளோடு திண்டுக்கல்லிலிருந்து பகல் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஓசூரைத் தாண்டியதும் பக்கத்து சீட் அம்மாள், "எங்க போறீங்க?" என்று கேட்க, "ஊருக்குப் போறோம்" என்றேன். சுமா என் பக்கம் திரும்பினாள். "போகும்போதும் ஊருக்குப் போறோம்னுதான் சொன்னே. இப்பவும் ஊருக்குப் போறோம்ங்கிற. அப்ப ஊரை விட்டு எப்பம்மா வர்றோம்?"

அத்திப்பள்ளி சோதனைச் சாவடியில் லாரிகளுக்குப் பின்னால் பஸ் நின்றுவிட்டது. பின்னால் கடைப் பலகைகளெல்லாம் தமிழ், முன்னால் எல்லாம் கன்னடம். வெள்ளரிக்காய் விற்கிற பெண் ஒருத்தி ஜன்னலோரம் வந்தாள். சுமா தலையை வெளியே நீட்டி அவளிடம் கன்னடத்தில் விலை கேட்டாள், பிறகு உள்ளே திரும்பி, "தாத்தா குடுத்த காசுலதான் வாங்குறேன், உனக்கும் வேணுமாம்மா?" என்று தமிழில் கேட்டாள். வண்டி இன்னும் நகரவில்லை. அவள் ஒரு துண்டை என் கையில் வைத்துவிட்டு, மிளகாய்ப்பொடி இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி மறுபடியும் வெளியே எட்டினாள்.