எண்ணெய் தேய்த்த வெற்றி

மாமா பாக்ஸிங்கில் ஜெயித்த அன்று எடுத்த போட்டோ என்னிடம் இருக்கிறது. கையுறையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், தோளெல்லாம் மின்னுகிறது. வியர்வையா எண்ணெயா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. இந்தக் குழப்பத்துக்குக் காரணம் அன்று அவரிடம் தோற்ற செங்கோட்டைக்காரர்.

அன்று காலை மாமா குற்றாலத்துக்குப் போய், உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துவிட்டுத்தான் தென்காசி மைதானத்துக்குச் சண்டைக்கு வந்தார். சாரல் காலத்தில் எங்கள் பக்கத்தில் யார்தான் அப்படிக் குளிப்பதில்லை? ஆனால் இரண்டாவது சுற்றில் விழுந்த செங்கோட்டைக்காரர், "எண்ணெயில குத்து வழுக்கிட்டுது, இது கள்ள ஆட்டம்" என்று கடை கடையாகச் சொல்லி வைத்தார். பாக்ஸிங்கில் உடம்பில் எண்ணெய் கூடாதாம். அதற்குப் பின் மாமா எத்தனையோ பேரை வீழ்த்தினார். ஒருவருக்கும் அது நினைவில்லை. சாகும்வரை அவர் 'எண்ணெய் பாக்ஸர்'தான். கல்யாணப் பந்தியில்கூட யாராவது சீண்டுவார்கள் என்று அத்தை விசேஷங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். அந்தக் கேலியைக் கேட்டால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருஷம் தென்காசிப் பயிற்சிக் கூடத்துப் பையன்கள் தங்கள் போட்டிக் கோப்பைக்கு மாமாவின் பெயரை வைக்க ஆசைப்பட்டார்கள். பெரியவர்கள் சிலர், "கள்ள ஆட்டக்காரன் பேரா?" என்று முட்டுக்கட்டை போட்டார்கள். செங்கோட்டைக்காரர் சரி என்றால் தங்களுக்கும் சரி என்றார்கள். ஒரு கை பார்த்துவிடும் எண்ணத்தோடுதான் அவர் வீட்டுக்குப் போனேன்.

"எண்ணெ இருந்துச்சு தம்பி. என் கை வழுக்குச்சு," என்றார். தாடையைத் தடவிக்கொண்டே, "ஆனா அவன் கை என் தாடையில வழுக்கலையே," என்றார்.

"பின்ன ஏன் அண்ணாச்சி இத்தன வருஷமா இப்படிச் சொல்லுதீங்க?"

"என்னைய விழ வச்சவன வேற என்னன்னு சொல்லச் சொல்லுதே? அவன் பேரையே வைங்க. ஆனா மேடையில வந்து எண்ணெக் கதையையும் நான் சொல்லுவேன்."

கோபப்படுவதா, கும்பிடுவதா, எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மாமாவின் பெயரைக் கெடுத்தவர் இவர். ஆனால் இவர் வாயில் கிடந்து உருண்டிராவிட்டால் அந்தப் பெயர் யாருக்குத் தெரிந்திருக்கும் என்றும் தோன்றியது. தலையாட்டிவிட்டு வந்தேன். மாமாவுக்கு நல்லது செய்தேனா, அவரைக் காட்டிக்கொடுத்தேனா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது.

அத்தையிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அழுவாள், இல்லாவிட்டால் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்:

"அவரும் வருதாராமா?"

"வருதாராம் அத்தே."

"அப்ப முன் வரிசையில எனக்கு ஒரு சேர் போடச் சொல்லு. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்."