தூக்கத்தைத் தேடி சிராங்கூன் சாலையில்

தூக்கம் வரவேண்டும் என்று, சிங்கப்பூரில் தீபாவளிக்காகச் சாலை நெடுகக் கட்டும் ஒளியூட்டுக்கு அடியில் தினமும் இரண்டு மணி நேரம் நடந்தவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்களாகக் கண்டுபிடித்தால் இன்னும் அசிங்கம்.

நான் பஸ் ஓட்டுபவன். விடியற்காலை வண்டி என்னுடையது. ஒன்பதுக்குள் படுத்தால்தான் பிழைப்பு. உடம்பு படுத்துவிடும், கண்தான் சம்மதிக்காது. ஒரு நாள் சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தியவன் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். பின்னால் அடித்த ஹாரன் எதுவும் என்னை எழுப்பவில்லை. ஒரு சீனப் பாட்டி எழுந்து வந்து குடையால் என் இருக்கையின் கண்ணாடித் தடுப்பைத் தட்டினார்.

“அங்கிள், கிரீன் லா!”

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டிப்போவில் சாவியை வாங்கிக்கொண்டார்கள். இரண்டு வாரத்துக்குள் ‘ஓட்டலாம்’ என்று டாக்டர் கடிதம் வேண்டும், இல்லையென்றால் வேலை கிடையாது.

டாக்டர் என் மகள் வயதுத் தமிழ்ப் பெண். “சாயங்காலம் கொஞ்சம் நடங்க அங்கிள். ஏழு மணிக்கு மேல வீட்ல லைட்ட கம்மி பண்ணிடுங்க” என்றார்.

வீட்டில் என்றுதானே சொன்னார்? ஏழு மணிக்கு ஒரு விளக்கு விடாமல் அணைத்தேன். மனைவி தடவித் தடவி வெங்காயம் நறுக்கினாள்.

“என்னங்க, விரலும் கொழம்புல விழப்போவுது!”

அதைக் காதில் வாங்காமல் நடக்கக் கிளம்பினேன். எங்கள் வீடு தேக்காவில். படியிறங்கினால் சிராங்கூன் சாலை. தலைக்கு மேலே வண்ண வண்ணமாய் மயில்கள், யானைகள். இரண்டு பக்கமும் கண்ணைக் கூசவைக்கும் நகைக்கடைகள். அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவேன், திரும்புவேன். கால் வலித்தது, நல்ல அறிகுறி என்று நினைத்தேன். படுத்தால் இமைக்குள்ளேயே மயில் தோகை விரித்தது.

நாட்கள் கரைந்தன. ஐம்பத்தாறு வயதுக்காரனுக்கு வேறு யார் ஸ்டியரிங்கைக் கொடுப்பார்கள்? பயத்தில் இன்னும் ஒரு சுற்று கூடுதலாக நடந்தேன்.

கெடு முடிவதற்கு முதல் நாள் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன்.

“எங்க அங்கிள் நடக்கிறீங்க?”

“நம்ம சிராங்கூன் ரோட்லதான் டாக்டர். லைட்டப் பாத்துக்கிட்டே.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “அவ்வளவு வெளிச்சத்தப் பாத்தா உங்க மூளை இன்னும் பகல்னுதானே நெனைக்கும்? எப்படித் தூக்கம் வரும்?”

“இன்னிக்கே நிறுத்திடறேன். அந்த லெட்டர் மட்டும் குடுத்துடுங்க. நாளைக்குக் கடைசி நாள் டாக்டர். கால்ல வேணா விழறேன்.”

“மொதல்ல தூங்கிட்டு வாங்க.”