காய்ச்சல் என்று எழுது

மயிலாப்பூரில் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, அம்மாவுக்கு மூச்சிரைப்பு வந்ததால் சமைப்பதற்காக இரண்டு நாள் லீவு எடுத்தேன். அதை அப்படியே, அகராதியைப் புரட்டிப் புரட்டி, ஆங்கிலத்தில் லீவு லெட்டராக எழுதினேன். நானாக எழுதிய முதல் ஆங்கிலம் அதுதான்.

ஆங்கில டீச்சர் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி அதைப் படித்தார். "உங்காத்துச் சமையல் கதையை யாருடி கேட்டா? காய்ச்சல்னு எழுது. பரீட்சையில அதுக்குத்தான் மார்க்கு." எல்லோரும் சிரித்தார்கள்.

அதன் பிறகு அவர் சொல்லச் சொல்ல எழுதி, மனப்பாடம் செய்தேன். பதினோராம் வகுப்பில் ஆங்கிலத்தில் நான்தான் முதல்; பரிசும் கொடுத்தார்கள். அந்தப் பரிசை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது.

போன வாரம் என் மகள் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழுதாள். மிஸ் ஸ்கேலால் அடித்ததில் விரல் வீங்கியிருந்தது. லீவு லெட்டர் எழுத உட்கார்ந்தேன்.

"என்னம்மா எழுதறே?"

"காய்ச்சல்னு."

"எனக்குக் காய்ச்சல் இல்லியேம்மா!"

கிழித்துப் போட்டேன். உண்மையை எழுதினால் அவளை இன்னும் அடிப்பார்களோ என்று பயம்தான். ஆனாலும் அகராதியை எடுத்து, அடித்ததை அடித்ததாகவே எழுதி, கையெழுத்துப் போட்டேன்.