பாகைக்கு மேலே ஒரு வட்டம்

என் அக்காள் வீட்டுக்காரருக்கு ஊரில் இரண்டு பட்டப்பெயர். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடையில் அவர் ‘சீஃப்’. டப்பா தேடுகிற கூட்டத்தில் அவர் ‘கேஸ்கட்’. எனக்கு அவர் மாமா, அவருக்கு நான் மாப்ளே. இருபத்தாறு வருஷம் நாங்கள் கிண்டலிலேயே காலத்தை ஓட்டினோம். அதில் முக்கால்வாசி என்னுடையது. அவர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். கோபப்படத் தெரியாத மனுஷன். அவர் பங்குக் கோபத்தையும் சேர்த்து நானே வாங்கிக்கொண்டு பிறந்துவிட்டேன் போலிருக்கிறது.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். ஒரு நாளைக்கு ஏழு பேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ‘பிரேக்கு! பிரேக்கு!’ என்று கத்துவதுதான் பிழைப்பு. கத்திக் கத்தி அதுவே பேச்சாகிவிட்டது. நான் இருப்பது அக்காள் வீட்டில்தான், அங்கேயும் அப்படித்தான். நான் வாயைத் திறந்தால் அக்காள் வாயை மூடிக்கொள்வாள்.

டப்பா தேடுவது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் கேட்ட கேள்வியையே நீங்களும் கேட்பீர்கள். முகம் தெரியாத யாரோ ஒருவர் ஒரு சின்ன டப்பாவை எங்காவது ஒளித்துவைப்பார். அது இருக்கும் இடத்தின் எண்ணை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் போனில் அந்த எண்ணை வைத்துக்கொண்டு போய்த் தேட வேண்டும். கிடைத்தால் உள்ளே இருக்கும் சின்ன நோட்டில் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

“சரி மாமா, கண்டுபிடிச்சா என்ன குடுப்பாங்க?”

“நோட்டுல எழுதலாம் மாப்ளே.”

“எழுதினா?”

“எழுதினா எழுதினதுதான்.”

தலையில் அடித்துக்கொண்டேன். ஐம்பது வயதில் ஒரு மனுஷனுக்கு வருகிற ஆசையா இது? பிள்ளை குட்டி இல்லாத வீடு, ஞாயிற்றுக்கிழமை பொழுது போகவில்லை, அதனால் பிடித்துக்கொண்டார் என்று அக்காள் சொல்வாள். அவள் பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். முன் அறை முழுக்க நீலத் துணி. பின் அறை முழுக்க மாமாவின் டப்பாக்கள்.

தொழில் புத்தியை அவர் இதிலும் விடவில்லை. புது ஃப்ரிட்ஜ் பெட்டிக்குள் வருமே, ஈரத்தை உறிஞ்சும் சின்ன வெள்ளைப் பொட்டலம், அதைக் கடையிலிருந்து சேர்த்து எடுத்து வந்து ஒவ்வொரு டப்பாவிலும் ஒன்று போடுவார். ஃப்ரிட்ஜ் கதவின் பழைய ரப்பரை வெட்டி மூடிக்கு உள்ளே ஒட்டுவார். அதற்குத்தான் கேஸ்கட் என்று பெயர், அவருக்கும் அந்தப் பெயர் வந்தது அதனால்தான். அவர் வைத்த டப்பாவுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போனதில்லை என்று அந்தக் கூட்டத்தில் பேச்சு.

பட்டுப் பட்டுத்தான் கற்றுக்கொண்டார். முதல் டப்பாவில் கண்டுபிடிப்பவர்களுக்கு என்று மிட்டாய் வைத்தார். எறும்பு மொய்த்து நோட்டே காணாமல் போயிற்று. பேனா வைத்தார், மை கசிந்தது. அதன் பிறகு பென்சில்தான். குளவிக்கூட்டில் கையை விட்டு மூன்று நாள் ஸ்பேனர் பிடிக்க முடியாமல் திரிந்தார்.

எல்லாவற்றுக்கும் சிகரம், நடைமேம்பாலத்து டப்பா. கறுப்பு டேப் சுற்றி, கைப்பிடிக் கம்பிக்கு அடியில் ஒட்டிவைத்திருக்கிறார் இந்தப் பெரிய மனுஷர். யாரோ பார்த்து வெடிகுண்டு என்று போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். இரண்டு மணி நேரம் சாலை அடைப்பு. கூட்டத்தோடு கூட்டமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர், நேரே போலீசிடம் போய், “ஐயா, அது என் டப்பா” என்றாராம். திறந்து பார்த்தால் ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு ரப்பர் முதலை பொம்மை. நான்தான் போய்ப் பேசி மீட்டு வந்தேன்.

“வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டீங்களே மாமா, தேவையா இது?” என்று வழி நெடுகக் கத்தினேன். அவர் யோசித்துவிட்டு, “இனிமே உள்ளே இருக்கிறது வெளியே தெரியிற மாதிரி டப்பா வாங்கணும் மாப்ளே” என்றார். இந்த ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அவருடைய சட்டங்களில் பெரிய சட்டம் ஒன்று உண்டு. தனியாகப் போகும்போது போகிற இடத்தின் எண்ணைச் சீட்டில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தை வைத்து ஒட்டிவிட்டுத்தான் போவார். எண்ணை எப்படிப் படிப்பது என்று எனக்கும் பல தடவை சொல்லியிருக்கிறார். பாகை, அதாவது டிகிரி என்பார், நிமிஷம் என்பார், அறுபது நிமிஷம் சேர்ந்தால் ஒரு பாகை என்பார். “பூமி என்ன மாமா, கடிகாரமா?” என்று சிரித்து அடக்கிவிடுவேன். ஒரு தடவையாவது காது கொடுத்துக் கேட்டேனா? இல்லை.

அந்தச் சனிக்கிழமை காலை, புது டப்பா ஒன்று வைக்கப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ்ஸில் கிளம்பியிருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்றாராம். வரவில்லை. போன் அணைந்து கிடந்தது. மாலை ஆறு மணிக்கு அக்காள் என்னைக் கூப்பிட்டாள். அவள் குரலே சரியில்லை. வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன்.

ஃப்ரிட்ஜ் கதவில் சீட்டு இருந்தது. இரண்டு வரி, இரண்டு எண். ஒவ்வொன்றிலும் முதலில் பாகை, அதன் தலைமாட்டில் ஒரு சின்னஞ்சிறு வட்டம், பிறகு நிமிஷம். முதல் வரியில் 26.415, இரண்டாவதில் 31.208. பாகைக்கு அவர் போட்ட அந்த வட்டத்தை நான் புள்ளி என்று எடுத்துக்கொண்டேன். ஒரு எண்ணில் இரண்டு புள்ளி வருமா? வராது. அதனால் அடுத்த புள்ளியைக் கை பட்டு விழுந்தது என்று விட்டுவிட்டு, மீதியை ஒரே மூச்சில் போனில் அடித்தேன். வரைபடமும் ‘தப்பு’ என்று சொல்லவில்லை. பெரிய ஏரியின் மேற்குக் கரையில், மரங்களுக்கு நடுவே சிவப்புக் குறி வந்து விழுந்தது. டப்பா ஒளித்துவைக்க வாகான இடம்தான்.

“ஏரிக்குப் போயிருக்காரு” என்றேன்.

அக்காள் கழுத்தில் அளவு நாடாவோடு நின்றிருந்தாள். “ஏரியா? பழைய சரக்குக் கிடங்குப் பக்கம்னு ஏதோ சொன்ன மாதிரி இருந்துச்சேடா.”

“நீ சும்மா இருக்கா! எண்ணு பொய் சொல்லுமா? அவரே கைப்பட எழுதி வச்சிருக்காரு. சொன்ன மாதிரி இருந்துச்சாம், மாதிரி!”

அவள் நாடாவைக் கழற்றிச் சுருட்ட ஆரம்பித்தாள்.

போலீஸ் நிலையத்தில், போனில் எடுத்த சீட்டின் படத்தையும் வரைபடத்தையும் காட்டினேன். எண்ணே இருக்கிறதென்றால் வேலை சுலபம் என்றார் அந்த அதிகாரி. புது டப்பா என்பதால் இணையத்தில் அதைப் பற்றி ஒன்றும் கிடையாது, சீட்டை விட்டால் வேறு துப்பும் இல்லை. ஞாயிறு விடிந்ததும் முப்பது பேர், இரண்டு நாய், ஒரு படகு. நான் முன்னால் நின்று வழிகாட்டினேன். மாமா மாமா என்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன். கத்துவதுதான் என் தொழிலாயிற்றே!

மத்தியானம் அக்காள் கரைக்கு வந்தாள். தண்ணீருக்குள் ஆள் இறங்கித் தேடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். என் பக்கத்தில் வந்து மெதுவாக, “ஒருவேளை அந்தக் கிடங்கையும் ஒரு எட்டு…” என்று ஆரம்பித்தாள்.

“அக்கா!” என்றேன். போலீஸ்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “இத்தனை பேரை இங்க நிறுத்தி வச்சுட்டு, இப்ப வந்து கிடங்கு கிடங்குன்னா என்ன அர்த்தம்? வீட்டுக்குப் போ.”

தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

திங்கட்கிழமை காலை போன் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. மாமாவின் போன் கடைசியாகப் பேசிய செல்போன் கோபுரம் ஊருக்குள்ளேயே இருந்தது. “என்ன சார், ஊருக்குள்ள காட்டுதே?” என்றார் அதிகாரி. “பஸ் ஏறும்போது பதிஞ்சிருக்கும் சார். அதுக்கப்புறம் சார்ஜ் போயிருக்கும்” என்றேன் நான். எதற்கெடுத்தாலும் என்னிடம் பதில் இருந்தது. நான் பிடித்த முயலுக்கு மூன்று கால்.

அன்று மூன்று மணிக்கு மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். அந்த டப்பாக் கூட்டத்துப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். மருந்துக் கடையில் வேலை, கூட்டத்தில் அவளுக்கு ஆந்தை என்று பெயர். செய்தி அப்போதுதான் தெரிந்து ஓடி வந்திருக்கிறாள். அக்காளுக்குத் தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறக்கப் போனவள் கதவு முன்னாலேயே நின்றுவிட்டாள்.

“இந்த எண்ணுக்கா சார் ஏரியில தேடுறீங்க?”

“ஆமா. ஏன்?”

“இது நிமிஷக் கணக்கு சார். எப்படி அடிச்சீங்க?”

போனைக் காட்டினேன். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. தன் போனில் பாகையை அடித்தாள், இடம் விட்டாள், நிமிஷத்தை அடித்தாள். குறி பழைய சரக்குக் கிடங்கின் மேல் போய் விழுந்தது. ஏரியிலிருந்து முப்பது கிலோமீட்டர். எங்கள் வீட்டிலிருந்து நாலு. இரண்டு நாளில் ஏரிக்குப் போகவும் வரவுமாக நான் அந்தக் கிடங்கு வாசலை ஆறு தடவை தாண்டியிருந்தேன்.

பயிற்சிக் காரிலேயே பறந்தோம். கிடங்கின் பின்பக்கம், அந்தக் காலத்தில் லாரிகளைச் சரக்கோடு நிறுத்தி எடை போட்ட இடம். எடை மேடையைக் கழற்றி விற்றுவிட்டு, அடியிலிருந்த குழியைத் துருப்பிடித்த தகட்டால் மூடியிருந்தார்கள். தகட்டில் ஆள் விழுகிற அளவுக்கு ஓட்டை. எட்டிப் பார்த்தேன். மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மாமா என்று கூப்பிட்டேன். இரண்டு நாளாக ஏரி முழுக்கக் கேட்ட குரல், அந்தக் குழிக்குள் எழும்பவே இல்லை.

கால் எலும்பு முறிந்திருந்தது என்றார் டாக்டர். முறிவு பெரிய காரியம் இல்லையாம், ரத்தமும் அதிகம் போகவில்லையாம். வெயிலில் காய்ந்த தகட்டுக்கு அடியில், தண்ணீர் இல்லாமல்தான் உயிர் போயிருக்கிறது. “திங்கட்கிழமை காலை வரைக்கும் உயிர் இருந்திருக்கும்” என்றார். யாரும் கேட்காமலே சொன்னார்.

புது டப்பா அவர் மடியில் இருந்தது. அதன் நோட்டைப் போலீஸ் அப்புறம் எங்களிடம் கொடுத்தார்கள். முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்.

‘சனி 10.50. தகடு உடைந்து விழுந்துவிட்டேன். வலது கால். போன் நொறுங்கிவிட்டது. சீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிறது, பயமில்லை.’

‘சனி மாலை. மாப்ளே இந்நேரம் வண்டியை எடுத்திருப்பான்.’

‘ஞாயிறு. தண்ணீர் தீர்ந்துவிட்டது. தூரத்தில் கார் சத்தம் கேட்கிறது.’

கடைசி வரி கோணல்மாணலாக இருந்தது. ‘எண்ணைத் தப்பாக எழுதிவிட்டேனோ?’

சொல்லுங்கள், நான் என்ன செய்ய? முப்பது வருஷம் ஒரு ஸ்குரூவைக்கூடத் தவறாக முடுக்காத மனுஷன், தப்பு தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு செத்திருக்கிறார். நான் குழியருகே மண்டியிட்டுச் சொன்னாலும் இனி அவருக்குக் கேட்காது. ஆந்தை ஒரு நாள் வந்து அவருடைய டப்பாக்களையெல்லாம் கூட்டத்தார் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எடுத்துப் போனாள். பின் அறை காலியாகிவிட்டது. நான் இப்போதும் கார் கற்றுக்கொடுக்கிறேன். இப்போதும் கத்துகிறேன். அதை மாற்றிக்கொண்டேன் என்று சொன்னால் பொய்.

இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். பிறகு ஒரு சாயங்காலம் அக்காள் எதிரே போய் உட்கார்ந்தேன். அவள் நீலச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, தப்பு என்னோடதுக்கா. நீ ரெண்டு தடவை சொன்னே. நான் கேக்கல. என்னைத் திட்டு. ரெண்டு அடியாவது அடி.”

மெஷினை நிறுத்தினாள். துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“மூணாவது தடவையும் சொல்லலாம்னுதான்டா வந்தேன். திங்கட்கிழமை விடியக்காலையில, நீ வண்டியைத் துடைச்சுக்கிட்டிருந்தே. பக்கத்துல வரைக்கும் வந்தேன். காலங்காத்தால உனக்குக் கோபம் வருமேன்னு பேசாம உள்ளே போயிட்டேன்” என்றாள். “அவரை நான்தான்டா சாகவிட்டேன்.”