தண்ணீர்ச் சூடு பார்த்த கை

மகளைக் குளிப்பாட்டும்போது தண்ணீரின் சூட்டைப் பார்ப்பது என் வேலை. இடது முன்கையில் கொஞ்சம் ஊற்றிப் பார்த்து, "சரி, ஊத்து புள்ள" என்பேன். மனைவி ஊற்றுவாள். சித்தி என்பது அவள் பெயர்.

ஒரு காலை நான் சரி சொன்ன தண்ணீர் பட்டதும் குழந்தை வீறிட்டது. முதுகு சிவந்துவிட்டது. சித்தி வாளிக்குள் கைவிட்டு உடனே இழுத்தாள்.

"இஞ்சாருங்க, இது கொதிக்கிது! என்னத்தப் பாத்தீங்க?"

"பாத்தன். சூடே இல்ல. உனக்கும் புள்ளக்கும் ஒரே மெல்லிசுத் தோல்."

தலையிடித்தால் மூளையில் கட்டி என்று நினைக்கிறவன் நான். அன்று என் பயம் முழுவதும் குழந்தையின் தோல்மேல் போயிற்று. என் கையைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள் விடுமுறையில் வந்து, எங்கள் ஊர் கல்முனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இலவச வைத்திய முகாம் நடத்திக்கொண்டிருந்தார்கள். நம்பர் துண்டு கொடுப்பது, மருந்து கட்டுவது, கூட்டுவது எல்லாம் அவர்களே. மேற்பார்வைக்கு ஒரு பெரிய டாக்டர் இருந்தார். நான் ஐந்தாம் வகுப்போடு விட்டுவிட்டுப் போன பள்ளிக்கூடம் அது. சித்தியோடும் குழந்தையோடும் போய் வாங்குப் பலகையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பாண்டிருப்பைச் சேர்ந்த ரகுநாதன் என்ற மாணவர் குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் ஆட்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள்; அவரும் என்னை அப்படியே கூப்பிட்டார்.

"புள்ளக்கு ஒண்டுமில்ல காக்கா. சூட்ட எந்தக் கையால பாக்கிற நீங்க?"

கையை நீட்டினேன். முன்கையில் வெளிறிய படை ஒன்று இருந்தது. தேமல் என்று களிம்பு பூசிவந்தேன். வலியோ அரிப்போ இல்லாததால், என் உடம்பில் நான் கவலைப்படாமல் விட்ட ஒரே இடம் அதுதான்.

"கண்ண மூடுங்க. பஞ்சு பட்டா 'ஓம்' எண்டு சொல்லுங்க."

மூடினேன். பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தது. பேசாமல் இருந்தால் பெயில்தானே? கொஞ்சம் விட்டு "ஓம்" என்றேன். இன்னும் கொஞ்சம் விட்டு "ஓம்".

"காக்கா, நான் இன்னும் தொடவே இல்லயே."

"அப்ப முதல் சொன்னது?"

"அதுக்கும் தொடல்ல."

பக்கத்தில் நின்ற மாணவி சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். "இது சோதினை இல்ல காக்கா," என்றார் ரகுநாதன். "தெரியல்ல எண்டா பேசாம இருங்க. அதுவும் மறுமொழிதான்."

பேசாமல் இருந்தேன். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஓரிடத்தில் பஞ்சு பட்டது, "ஓம்" என்றேன். கண்ணைத் திறந்தபோது படையைச் சுற்றிப் பேனையால் கோடு போட்டிருந்தார். இந்தக் கோட்டுக்குள் எல்லா இடமும் தொட்டேன் என்றார். என் கையை நானே வாய்பிளந்து பார்த்தேன். என்னோடு இருந்த ஒரு துண்டு, சொல்லாமல் போய்விட்டிருந்தது.

பெரிய டாக்டர் வந்து முழங்கைக்குப் பின்னால் நரம்பை உருட்டிப் பார்த்தார் (இந்த நோயில் அந்த நரம்பு தடிக்கும்). தொழுநோயின் தொடக்கம் என்றார் (ஊரில் பெருவியாதி என்பார்கள்). நான் குழந்தையைச் சட்டென்று சித்தியின் மடியில் வைத்தேன்.

"டாக்டர், புள்ளயத் தூக்கலாமா?" என்றேன்.

"தாராளமாத் தூக்கலாம். உங்களுக்கு வந்தது லேசில தொத்தாத வகை. மருந்தும் குடிக்கப் போறீங்க. ஆனா சூடு பாக்கிறது மத்தக் கையால."

நான் நம்பவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து தொடங்கியும், வீட்டில் குழந்தை கைநீட்டினால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன். சிவப்புக் குளிசையை விழுங்கிய அன்று சிறுநீர் சிவந்தது. முகாமுக்கு ஓடினேன்.

"ஐயோ காக்கா, அதச் சொல்ல மறந்திட்டன்! அது மருந்துட நிறம்." ரகுநாதனும் பயந்த முகத்தோடுதான் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். டாக்டருக்குப் படிக்கிறவரும் பயப்படுவார் என்பது எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் சித்தி பொறுமையிழந்தாள். "டாக்டரும் தூக்கச் சொல்றாரு, புள்ளயும் தூக்கச் சொல்லுது. நீங்க இன்னும் ஆருக்கிட்டக் கேக்கப் போறீங்க?" என்று குழந்தையை என் கையில் திணித்தாள். குழந்தையின் கால் அந்தப் படையின்மேல் கிடந்தது. அதன் பாரம் தெரிந்தது, சூடு தெரியவில்லை.

நான் தையல்காரன். பேனைக் கோடு அழிந்தபின் என் தையல் சோக்கால் எல்லை போடத் தொடங்கினேன். நான் கண்ணை மூடுவேன், சித்தி பஞ்சால் தொடுவாள். முதலில் பயத்தில் செய்தது, பிறகு பார்க்கும் ஆசையில் செய்வதாயிற்று. மருந்து முடிந்த காலத்தில் முழங்கைப் பக்கம் கோடு சற்று உள்ளே வந்திருந்தது. நடுப்பகுதிக்கு உணர்வு திரும்பவில்லை. சிலருக்குத் திரும்பாது என்றார்கள். உங்களுக்கும் அப்படி ஓர் இடம் இருந்தால் தினமும் கண்ணால் பாருங்கள். அயன் பெட்டி சுட்டதை நான் கண்ணால்தான் அறிகிறேன்.

இப்போது மகள் வளர்ந்துவிட்டாள், பஞ்சு அவள் கையில். என்னைக் கண் மூடச் சொல்கிறாள்.

"வாப்பா, இப்ப?"

பேசாமல் இருக்கிறேன்.

"இப்ப?"

பேசாமல் இருக்கிறேன். அவசரமில்லை. எங்கோ என் கையின்மேல் அவள் வந்துகொண்டிருக்கிறாள். கோட்டைத் தாண்டுகிறாள்.

"ஓம்," என்கிறேன்.