மலை ஏறுன டெஸ்க்டொப்

கொம்பியூட்டர் கடையில வேலைன்னா, பாதி நேரம் சாமான் விக்கிறது, மீதி நேரம் வாங்குறவங்க வீட்டுச் சண்டைக்கு நடுவுல கதிரை போட்டு உக்காருறது. நான் கண்டி டவுன்ல இந்த வேலைக்கு வந்து தலை நரைச்சுப் போச்சு. கடைகள்ல நின்னே கால் வீங்குன என் சொந்தங்களே, உங்களுக்குத் தெரியும்: "லெப்டொப் வாங்கவா, இருக்கிற டெஸ்க்டொப்பையே வெச்சுக்கவா?"ன்னு ஒரு ஆள் கேட்டா, அன்னைக்கு மத்தியானச் சோறு ஆறிப்போகும்.

உரச்சாக்குல வந்த ஆளு

கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துல இருந்து செபமாலைண்ணனும் மக மெடில்டாவும் வந்தாங்க. அண்ணன் தோள்ல ஒரு உரச்சாக்கு. மேசையில வெச்ச விதத்தைப் பாத்து, உள்ள தூங்குற கைப்புள்ளையாக்கும்னு நெனச்சேன். அவுத்தா டெஸ்க்டொப். அதைத் துணியில சுத்தி, கழுத்துல ஒரு செபமாலையும் போட்டுவிட்ருந்தாங்க. பஸ்ல சீட்டு கெடச்சும் அண்ணன் உக்காரலையாம். அதை உக்கார வெச்சுட்டு இவரு நின்னுக்கிட்டே வந்துருக்காரு.

விசயம் இதுதான். மெடில்டாவுக்கு கொழும்புக் கம்பெனி ஒண்ணுல வீட்டுல இருந்தே கணக்குப் பாக்குற வேலைக்கு வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. ஸ்க்ரீன்ல கணக்கு போட்டுக் காட்டணும், அதனால போன் சரிவராது. வேலை பாக்கப் போற தோட்டத்துல இருந்தே பேசணும்னும் கண்டிஷன். ஆனா இவங்க குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகள்ல சிக்னல் கெடையாது, மலை உச்சியிலதான் வரும். லெப்டொப் இருந்தா தூக்கிட்டு ஏறிரலாம். இவங்க கைக்காசுக்கு, பழைய டெஸ்க்டொப்பையும் எங்க கடைக்கே குடுத்தாத்தான் லெப்டொப் வரும். இங்கதான் சிக்கல். அந்தப் பெரிய ஸ்க்ரீனைச் சுத்தித்தான் லயத்துப் புள்ளைங்க எல்லாம் பொழுதுபட்டா உக்காந்து படிக்குதுங்க. சொல்லிக் குடுக்குறது இவதான்.

நான் வழக்கம் போல லெப்டொப்பைத் தொறந்து, மூடி, திருப்பிக் காட்டி, என் பாட்டை ஆரம்பிச்சேன். அந்தப் புள்ள கேட்டுக்கிட்டே இருந்துட்டு மெதுவாச் சொன்னா:

"அண்ணே, இது இல்லாட்டி எனக்கு வேலை இல்ல. அது இல்லாட்டி அதுங்களுக்கு படிப்பு இல்ல. ரெண்டுல எதைக் குடுக்கன்னு நீங்களே சொல்லுங்க."

அக்குறணை நானாவோட தீர்ப்பு

அப்பத்தான் உள்ள வந்தாரு அக்குறணையில சாமான் கடை வெச்சிருக்கிற முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நானா. எங்க பழைய கஸ்டமர். பிரிண்டருக்கு மை வாங்க வந்தவரு கதையைக் கேட்டுட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாரு. ஒண்ணு சொல்றேன், அடுத்தவன் என்ன வாங்கணும்னு சொல்றதுல நம்ம ஊர் மனுசனுக்கு இருக்கிற சந்தோசம், தான் வாங்குறதுல இல்ல.

"இங்க பாருங்க மகள், நானும் கடைக்குன்னு லெப்டொப் வாங்கினேன் தானே. மூத்தவன் படிக்கன்னு தூக்கிட்டுப் போற. எளயவன் கேம் அடிக்கன்னு தூக்கிட்டுப் போற. என்ட பொஞ்சாதி சமையல் பாக்கன்னு குசினிக்கே கொண்டு போயிட்டா. இப்ப கடைல கல்குலேட்டர் மட்டும்தான் ஈக்குது." செபமாலைண்ணன் கை சாக்கு மேலயே இருந்ததைப் பாத்துட்டு, விரலை நீட்டிச் சொன்னாரு:

"குடுக்காதீங்க அண்ணன், தூக்க ஏலாத சாமான்தான் ஊட்டுல தங்குற!"

டீச்சரோட அசையாத லெப்டொப்

அதே நேரம் கவுண்டர்ல இன்னொருத்தர் நின்னாங்க. யாழ்ப்பாணத்து டீச்சர், கண்டியில படிப்பிக்கிறவங்க. எங்ககிட்ட லெப்டொப் வாங்கிட்டுப் போனவங்க, திரும்பி வந்து தனிக் கீபோர்ட் வாங்கினாங்க. அப்புறம் மவுஸ். அப்புறம் ஸ்பீக்கர், பெரிய மொனிட்டர். அன்னைக்கு வந்தது, வயருகளைச் சேத்துக் கட்டுற பட்டி வாங்க. "டீச்சர், இதுக்கு நீங்க டெஸ்க்டொப்பே வாங்கியிருக்கலாமே"ன்னேன். "ஓம் தம்பி, ஆனா இது லெப்டொப் எல்லோ. விரும்பினா எங்கயும் கொண்டு போகலாம். அசைக்கத்தான் கூடாது, வயருகள் கழண்டுடும்"னாங்க. நான் சிரிப்பை இருமலா மாத்திக்கிட்டேன்.

ஆனா அவங்கதான், கடையில இருந்த ஒருத்தரும் கேக்காததைக் கேட்டாங்க: "பிள்ளை, உந்த மலை உச்சியில கரண்ட் இருக்கோ?"

அண்ணனும் மகளும் ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாத்தாங்க. உச்சியில மாதா சொரூபம் வெச்ச கெபி இருக்கு. திருநாளுக்கு ஸ்பீக்கர் கட்ட அங்க ஒரு பிளக் பொயின்ட் இருக்கு. அவ்வளவுதான், அண்ணன் சாக்கைத் திரும்பக் கட்ட ஆரம்பிச்சிட்டாரு. கையில வந்த யாவாரம் வாசப்படி தாண்டப் போகுதேன்னு, தொறந்து வெச்ச லெப்டொப்பை நான் மூடினேன். அவரு திரும்பிப் பாத்துச் சொன்னாரு:

"மலையை நாங்க பாத்துக்குறோம் தம்பி, நீங்க அதுக்கு ஒரு கெமரா மட்டும் மாட்டிக் குடுங்க."

கொழுந்துக் கூடை

கெமராவை மாட்ட நானே வெள்ளிக்கிழமை கலஹா பஸ் ஏறினேன். முதலாளிகிட்ட வயித்து வலின்னு சொன்னேன், அதுக்குத் தேவையான குரல் என்கிட்ட இருக்கு.

லயத்து வாசல்ல போய் நின்னவன், அப்படியே நின்னுட்டேன். லயமே ரெடியா நிக்குது. மொனிட்டரை கம்பளியில சுத்தி ரெண்டு பேர், மேசையைத் தலைகீழாத் தலையில வெச்சு ஒருத்தர், கீபோர்டை சேலைத் தலைப்புல மூடிக்கிட்டு ஒரு அம்மா. தூறல் விழுந்துச்சு. ஒருத்தர் குடையை விரிச்சாரு, மனுசருக்கு இல்ல, மொனிட்டருக்கு. நடுவுல மரியக்கா, கொழுந்து எடுக்குறவங்க. முதுகுல கூடை, கயிறு நெத்தியில, கூடைக்குள்ள நம்ம டெஸ்க்டொப்.

யாரும் யாரையும் ஏவல. வழுக்குற எடத்துல முன்னால போறவங்க கை தானா பின்னுக்கு நீளுது. கங்காணி குரல்ல "ம்ம், வெரசா வாங்க!"ன்னு ஒரு சத்தம் குடுத்து சிரிக்க வைப்போம்னு வாயைத் தொறந்தேன். அந்தக் கைகளைப் பாத்ததும் வாயை மூடிட்டு நானும் ஒரு கை நீட்டினேன். மூச்சு வாங்கிக்கிட்டே மரியக்கா பக்கத்துல போய், "பாரமாக்கா?"ன்னேன். நெத்திக் கயித்தைச் சரி பண்ணிக்கிட்டுச் சொன்னாங்க:

"கொழுந்து இதைவிட பாரம் தம்பி, ஆனா கொழுந்து வுழுந்தா உடையாது."

படத்தை எடுங்க

மாதா கால்மாட்டுல மேசை, மேல மழைக்குத் தறப்பாள். போனை வயர்ல மாட்டி இன்டர்நெட் குடுத்தேன். பட்டனை அமுக்கினேன். டெஸ்க்டொப் ஒரு உறுமல் உறுமி எழும்புச்சு. பின்னால அத்தனை பேரும் எட்டிப் பாத்தாங்க.

கொழும்பு சார் ஸ்க்ரீன்ல வந்தாரு. நல்லாவே தமிழ் பேசினாரு. மெடில்டா கணக்கைப் போட்டுக் காட்டினா. மொத கேள்விக்குத் தடுமாறினா, அப்புறம் கை ஓட ஆரம்பிச்சுது. அவரு கேட்டு முடிக்க முன்ன இவ போட்டு முடிக்கிறா. கடைசியில அவரு கண்ணாடியைக் கழட்டிட்டு, "எல்லாம் சரி மிஸ். ஆனா இன்டர்வியூவுக்கு பின்னால இப்படிப் படம் போடக் கூடாது. அதை எடுங்க"ன்னாரு. மலை, மேகம், மாதா, கூடையோட பொம்பளைங்க எல்லாத்தையும் கொம்பியூட்டர்ல போடுற படம்னு நெனச்சிட்டாரு மனுசன்!

அந்த நேரம் பாத்து மரியக்கா குனிஞ்சு கால்ல கடிச்சுக்கிட்டிருந்த அட்டையைப் புடுங்கி எறிஞ்சாங்க. படம்னு நெனச்சது அசையவும், சார் கதிரையில இருந்து எழும்பிட்டாரு. மெடில்டா பின்னால ஒருக்கா திரும்பிப் பாத்துட்டு, நிமிந்து சொன்னா:

"எடுக்க ஏலாது சார், அவங்கதான் இதை இங்க கொண்டாந்தாங்க."

முதலாளியோட கேள்வி

வேலை கெடச்சிருச்சு. கம்பெனியே அவளுக்கு லெப்டொப்பும் அனுப்பிருச்சு. அதை மூடித் தோள்ல மாட்டிக்கிட்டு காலையில மலை ஏறுறா. கெபி பக்கத்துச் சாமான் அறையை பங்குச் சாமியார் அவளுக்குத் தொறந்து விட்டுட்டாராம். டெஸ்க்டொப் லயத்துக்கே எறங்கிருச்சு, பொழுதுபட்டா அதைச் சுத்தி புள்ளைங்க. இதைச் சொல்லத்தான் செபமாலைண்ணன் பஸ் ஏறி வந்தாரு, ஒரு பொட்டலம் தேத்தூளோட.

முதலாளி எல்லாத்தையும் கேட்டாரு. தேத்தண்ணியையும் குடிச்சு முடிச்சாரு. அப்புறம் என் பக்கம் திரும்பினாரு:

"அப்ப நாம வித்தது அந்தக் கெமரா மட்டும்தானா?"

இப்பல்லாம் லெப்டொப்பா டெஸ்க்டொப்பான்னு யாராச்சும் கேட்டு வந்தா, விலையைச் சொல்ல முன்ன, "உங்க பக்கம் தூக்க ஆள் இருக்கா?"ன்னு கேட்டுத் தொலைக்கிறேன்.