இழுப்பறையில் இரண்டு மலைப்பறவைகள்

2011இல், புலம்பெயர்ந்து வந்தோர் நிறைந்த லா ஷப்பல் பகுதியில் என்னோடு அறையில் இருந்தவர், ஓர் அருங்காட்சியகத்தின் பறவைக் கிடங்கில் துப்புரவு வேலை செய்தார். ஒருநாள், திறந்து கிடந்த இழுப்பறை ஒன்றைப் படமெடுத்து வந்து காட்டினார். பாடம் செய்த இரண்டு கரிய பறவைகள். நீண்ட வால். காலில் கட்டிய சீட்டு.

சீட்டிலிருந்த பெயர்களை நூலகத்தில் தேடினேன். தென்னமெரிக்க மலைகளில் வாழும் கிராக்கிள் என்னும் கரும்பறவைகள். அந்தப் பேரினத்தில் இரண்டே இனங்கள். வெனிசுவேலாப் பக்கத்தில் உச்சி தட்டையான மலைகளில் இருப்பதற்குச் சிறகின் அடியில் பொன்னிறத் தூவி. கொலம்பிய மலைக்காடுகளில் இருப்பதற்குச் செம்பழுப்பு. காடுகளை வெட்டியதால் இரண்டாவது அருகிவிட்டது. சிறகை மடக்கினால் இரண்டும் கறுப்புத்தான்.

"செத்த குருவிக்கெல்லாம் எங்கை, எப்ப, ஆர் சுட்டது எண்டு பேப்பர் இருக்கண்ணை. எங்கடை அண்ணருக்குத்தான் இல்லை," என்றார்.

அவருடைய அகதி விண்ணப்பம் அந்த அண்ணரின் சாவை நம்பித்தான் இருந்தது. வாக்குமூலத்தை நான் எழுதிக் கொடுத்தேன்.

"எப்ப சுட்டவங்கள்?"

"ஊர் அம்மன் கோயில் தேருக்கு அடுத்த நாள். ஆடி எண்டு நினைக்கிறன்."

தேர் எப்போதும் ஆனிப் பௌர்ணமிக்கு என்று அவரே முன்பு சொல்லியிருந்தார். அந்த வருடப் பஞ்சாங்கத்தைத் தேடிப் பிடித்துத் திகதியைக் கணக்கிட்டேன். "ஆனி. உமக்கு மாறாட்டம்."

"ஓம், நீங்கள் சொன்னால் சரியாத்தான் இருக்கும்."

அந்தத் திகதியை மனப்பாடம் செய்து விசாரணையில் சொன்னார். பிறகுதான் ஊரிலிருந்து அண்ணரின் மரணச் சான்றிதழ் வந்தது. அதில் ஆடி. அவருடைய தாயாரைத் தொலைபேசியில் கேட்டோம்.

"அந்தமுறை ஆமிக்காரர் ஆனியிலை தேர் இழுக்க விடேல்லைத் தம்பி. ஒரு மாசம் பிந்தித்தான் இழுத்தது."

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதும், சான்றிதழின் பிரதியை வைத்து, பிழை என்னுடையது என்று மேன்முறையீட்டோடு கடிதம் எழுதினேன். திகதிகள் முரண்படுவதால் நம்ப முடியவில்லை என்று முடிவு வந்தது. நாட்டைவிட்டு வெளியேற ஒரு மாதம்.

முடிவுக் கடிதத்தை வாசித்துச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. சப்பாத்தைக் கழற்றியபடி சொன்னார்: "கிடங்கிலை சில சீட்டிலை பழைய திகதியை வெட்டிப்போட்டுப் பக்கத்திலை வேறை எழுதியிருக்கினம். அதுக்கு ஒருத்தரும் குருவியைத் தூக்கி எறியேல்லை."

மாதம் முடிய நாலு நாள் இருக்க, நான் வேலையால் வந்தபோது அவருடைய கட்டில் வெறுமையாக இருந்தது. புறநகர்களான லா கூர்னெவ்விலும் பொண்டியிலும் விசாரித்தேன். ஒருவரும் அவரைக் கண்டிருக்கவில்லை.

மரணச் சான்றிதழை மேசையில் விட்டுப் போயிருந்தார்.